பயணிகள் கப்பல் துறை வளருது, சரி. லாபம் யாருக்கு?



"கப்பல் துறை பெரிய அளவில் வரப்போகுதாம், இப்பவே எந்த ஷேர் வாங்கி வைக்கலாம்?" கொஞ்ச நாளாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனவர்கள். கையில் ஒரு டீமேட் கணக்கு, மாசம் ஒரு எஸ்ஐபி, மிச்சம் இருக்கும் பத்தாயிரத்தை 'அடுத்த பெரிய துறை'யில் போடணும் என்கிற ஆசை. வீடியோவில் பதினைந்து நிமிஷத்துக்குள் சொல்ல முடியாததை இங்கே கணக்கோடு எழுதுகிறேன்.

செய்திகளைப் பார்த்தால் அந்த ஆசை வருவது நியாயம்தான். 2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு 'கிரூஸ் பாரத் மிஷன்' தொடங்கியது. 2023-24ல் சுமார் 4.7 லட்சமாக இருந்த கடல் கிரூஸ் பயணிகள் எண்ணிக்கையை 2029க்குள் 10 லட்சம் ஆக்குவது இலக்கு. 2025 செப்டம்பரில் மும்பையில் புது சர்வதேச கிரூஸ் முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். வருஷத்துக்கு 10 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவு அது. அதே மாதம் கப்பல் கட்டும் துறைக்கும் கடல்சார் துறைக்கும் 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த எண்களைத் திரும்ப ஒருமுறை படிங்க. பயணிகள் எத்தனை பேர், முனையம் எவ்வளவு பெருசு, அரசு எவ்வளவு ஒதுக்குது என்றுதான் இருக்கு. கப்பலை ஓட்டுகிற கம்பெனிக்கு ஒரு டிக்கெட்டில் எவ்வளவு மிஞ்சுது என்பது எங்கேயும் இல்லை. நீங்க பணம் போடப்போவது பயணிகள் எண்ணிக்கையில் இல்லை, அந்த மிச்சத்தில்தான்.

முதலில் நம்ம ஊர் உதாரணம்

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீங்க. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. கப்பல் பெயர் செரியபாணி, 150 இருக்கைகள். ஒருவழிக் கட்டணம் 6,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 7,670. ஒரு வாரம்கூட முழுசாக ஓடவில்லை, வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது, நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் மறுபடி தொடங்கியது. அதுவும் 150 இருக்கைதான். நவம்பரில் மழைக்காக நிறுத்தி, 2025 பிப்ரவரி 22ல் திரும்ப ஓடியபோது போக வர சுமார் 8,500 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

இதை ஒரு ஆடிட்டர் கண்ணால் பாருங்க. எல்லா இருக்கையும் இரண்டு பக்கமும் நிரம்பினால் ஒரு நாள் வருமானம் 150 x 8,500, அதாவது 12.75 லட்சம். மாதம் 22 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 2.8 கோடி. பாதி இருக்கைதான் நிரம்புது என்றால் 1.4 கோடி. இதில் எரிபொருள், மாலுமிகள் சம்பளம், கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், இரண்டு பக்கத் துறைமுகக் கட்டணம் எல்லாம் போகணும்.

அந்தத் துறைமுகச் செலவு ஒன்றை மட்டும் எடுத்துக்கலாம். இந்த மறுதொடக்கத்தின்போது நாகை துறைமுகத்தில் ஆகும் இயக்கச் செலவுக்காக மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக இந்திய அரசு அறிவித்தது. நம்ம பணத்தில் தோராயமாக 70 லட்சம். அதாவது கப்பல் பாதி நிரம்பி ஓடினால் வரும் மாத வருமானத்தில் பாதி, நாகைத் துறைமுகத்துக்கு மட்டுமே போயிருக்கும்! இலங்கை அரசும் கப்பலில் கிளம்புகிறவர்களுக்கான புறப்பாட்டு வரியைக் குறைத்தது. காங்கேசன்துறை துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா தரும் மானியம் 6 கோடி டாலருக்கு மேல். இரண்டு அரசும் இவ்வளவு இறங்கி வந்த பிறகுதான் 8,500 ரூபாய் டிக்கெட் சாத்தியமாகிறது.

தப்பு சொல்லலை. யாழ்ப்பாணத்துக்கும் நாகைக்கும் இடையே உறவு, வியாபாரம், கோயில் என்று போகிறவர்களுக்கு இது தேவையான சேவை. 110 கிலோமீட்டர் கடல், நாலு மணி நேரப் பயணம், கூடுதல் மூட்டை எடுத்துப் போகும் வசதி. மூட்டை பெரிய விஷயம். ஏன்னா 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னை - யாழ்ப்பாணம் விமானம் விடுது, பயணம் ஒன்றேகால் மணி நேரம். நேரத்தில் கப்பல் ஜெயிக்க முடியாது. மூட்டையிலும் கட்டணத்திலும்தான் ஜெயிக்கணும், கட்டணம் அரசு ஆதரவில் நிற்குது. ஒரு சமூகத்துக்கு நல்ல சேவையும் ஒரு முதலீட்டாளருக்கு நல்ல தொழிலும் ஒன்றாக இருக்கணும் என்று கட்டாயம் இல்லை.

இதற்கு முன்னாடி 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு சேவை தொடங்கினார்கள். ஸ்கோஷியா பிரின்ஸ், ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல். நவம்பரிலேயே நின்றுபோனது. கப்பல் பெருசாக இருந்தால் செலவும் பெருசு, நிரப்ப ஆள் இல்லையென்றால் ஒவ்வொரு பயணமும் நஷ்டத்தைக் கூட்டும். இப்போது 150 பேர் கப்பலோடு தொடங்கியது அந்த வகையில் புத்திசாலித்தனம்.

லாரி ஏறினால்தான் கணக்கு மாறும்

குஜராத்தில் இரண்டு பாதைகளை ஒப்பிட்டுப் பாருங்க. காம்பத் வளைகுடாவின் ஒரு கரையில் கோகா, எதிர்க்கரையில் தாஹேஜ். 2017 அக்டோபரில் பிரதமர் தொடங்கி வைத்த சேவை இது. சாலையில் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றுவதைக் கடலில் முப்பது சொச்சமாகக் குறைத்தது. காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் தாஹேஜ் பக்கம் வண்டல் வந்து படிந்துகொண்டே இருந்தது, கப்பலுக்கு வேண்டிய ஆழம் கிடைக்கவில்லை. தூர்வாரினால் திரும்பப் படியும். சில வருஷத்திலேயே சேவை நின்றது.

அதே கோகாவிலிருந்து சூரத் பக்கம் ஹசீராவுக்கு 2020 நவம்பர் 8ல் இன்னொரு சேவை தொடங்கியது. கடல் தூரம் 90 கிலோமீட்டர், முந்தையதைவிட மூணு மடங்கு. ஆனாலும் இது நின்று ஓடுது. ஹசீரா ஆழமான துறைமுகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வாயேஜ் சிம்பனி என்ற அந்தக் கப்பலில் 500 பயணிகளோடு 30 லாரி, 100 கார் ஏறும். சூரத்துக்கும் பாவ்நகருக்கும் இடையே வைரத் தொழிலாளர், வியாபாரி, சரக்கு என்று வருஷம் முழுக்கப் போக்குவரத்து இருக்கு. லாரிக்காரர் 370 கிலோமீட்டர் சாலையில் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவதைத் தவிர்க்கிறார், அதனால் காசு கொடுக்கத் தயங்க மாட்டார். தீபாவளிக்கு மட்டும் ஊருக்குப் போகிற பயணியை நம்பி இந்தத் தொழில் இல்லை. மும்பை - மாண்ட்வா கார் ஏற்றும் கப்பலும் இதே தத்துவம்தான்: சாலையில் மூணு நாலு மணி நேரம், கடலில் ஒரு மணி நேரம், அலிபாக்குக்கு வாராவாரம் காரோடு கிளம்பும் கூட்டம்.

ஆகவே ஒரு புதுப் பாதை அறிவிக்கப்படும்போது நான் முதலில் கேட்பது, வாகனம் ஏறுமா? வருஷத்தில் எத்தனை நாள் கடல் ஒத்துழைக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் பலவீனமாக இருந்தால் அது அரசு தாங்கிப் பிடிக்கும் சேவையாகத்தான் இருக்கும். அந்தமான், லட்சத்தீவுக் கப்பல்கள் அப்படித்தான் பல வருஷமாக ஓடுது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் (நமக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்) போக கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும். அது தீவு மக்களுக்கான உயிர்நாடி, லாப நஷ்டக் கணக்கில் வைத்துப் பேசவே கூடாது.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் இருக்கு, பலர் கவனிக்காதது. இந்தியாவுக்குள் இரண்டு இடங்களுக்கு இடையே ஓடும், சுற்றுலா முக்கிய நோக்கமாக இல்லாத பொதுப் போக்குவரத்துக் கப்பல் பயணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பயணிக்கு நல்லது. ஆனால் விலக்கு பெற்ற சேவை என்றால், கப்பல் வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் கட்டிய ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அது செலவாக அப்படியே கம்பெனி தலையில் உட்காரும். 'வரி இல்லாத தொழில்' என்று யாராவது சொன்னால் இதையும் கேளுங்க.

கிரூஸ்: காலியான அறைக்கு நாளைக்கு மதிப்பு இல்லை

இப்போ உங்களில் பலர் கண் வைத்திருக்கும் பகுதிக்கு வர்றேன். இது போக்குவரத்து இல்லை, மிதக்கும் ஓட்டல்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கப்பல், ஆயிரம் பேர், டிக்கெட் 12,000 ரூபாய். ஒரு ஆளுக்குச் சாப்பாடு, துவையல், கமிஷன் என்று கூடுதலாக ஆகும் செலவு 2,000. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரு பயணத்துக்கு ஆகும் நிலைச் செலவு 80 லட்சம். ஒரு ஆளிடம் 10,000 மிஞ்சுவதால் 800 பேர் ஏறினால் வரவும் செலவும் சமம். 900 பேர் என்றால் 10 லட்சம் லாபம். 1,000 பேர் என்றால் 20 லட்சம். பார்த்தீங்களா, பயணிகள் 11 சதவீதம் கூடியதும் லாபம் இரட்டிப்பு. இதே வேகம் கீழேயும் வேலை செய்யும்: 700 பேர் என்றால் 10 லட்சம் நஷ்டம்.

இப்போ ஒவ்வொருவரும் பார், ஸ்பா, கசினோ, போட்டோ என்று கப்பலுக்குள் செலவழித்ததில் கம்பெனிக்கு 1,500 ரூபாய் மிஞ்சுது என்று வையுங்க. சமநிலைப் புள்ளி 800லிருந்து 696 பேருக்கு இறங்கிடும். கிரூஸ் கம்பெனிகள் கடைசி நேரத்தில் அறையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது ஏன் என்று இப்போ புரியும். ஆள் உள்ளே வந்தால் போதும், மிச்சத்தை உள்ளே வாங்கிக்கலாம். (ஆஃபர் பார்த்து கிரெடிட் கார்டு ஈஎம்ஐயில் புக் பண்ணும் அன்பர்களே, டிக்கெட் விலை உங்க பட்ஜெட்டின் ஆரம்பம்தான்.)

உலகின் பெரிய கிரூஸ் நிறுவனமான கார்னிவல் 2020ல் மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் பார்த்தது. 2024ல் 2,500 கோடி டாலர் வருமானத்தில் 190 கோடி டாலர் நிகர லாபம். சாதனை வருமானம் வந்த வருஷத்திலும் நூற்றுக்கு ஏழு எட்டு ரூபாய்தான் மிஞ்சியது. ஒரு வருஷ நஷ்டத்தை அடைக்க இந்த மாதிரி ஐந்து நல்ல வருஷம் வேணும்.

நம்ம நாட்டில் 2019ல் ஜலேஷ் கிரூஸஸ் வந்தது. கர்ணிகா என்ற கப்பலோடு மும்பையிலிருந்து ஆரவாரமாகக் கிளம்பினார்கள். 2020ல் கொரோனா. அந்த வருஷக் கடைசியில் நிறுவனம் மூடப்பட்டு, கப்பல் ஆலங்கில் உடைக்கப் போனது. ஒரே கப்பல், நிலைச் செலவு நிற்காது, வருமானம் நின்றது. அவ்வளவுதான் கதை.

அடுத்து வந்தது கோர்டீலியா. எம்ப்ரஸ் என்ற கப்பலோடு 2021 செப்டம்பரில் தொடங்கி, 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓடியது. இதை நடத்தும் வாட்டர்வேஸ் லீஷர் டூரிசம் 2025 ஜூனில் 727 கோடி ரூபாய் ஐபிஓவுக்காகச் செபியிடம் வரைவு ஆவணம் தாக்கல் செய்தது. அதில் 552 கோடிக்கு மேல் எதற்கு என்று போட்டிருந்தது தெரியுமா? நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரண்டு கப்பல்களைக் குத்தகைக்கு எடுக்கும் முன்பணத்துக்கும் வாடகைக்கும்.

வாங்கு, வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் நான் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆவணத்தைப் படிக்கும்போது எங்கே விரல் வைக்கணும் என்று சொல்றேன். குத்தகைக் கப்பலில் தொழில் செய்யும் கம்பெனியின் 'ஈபிஐடிடிஏ' எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. இந்த் ஏஎஸ் 116 என்ற கணக்கு விதிப்படி நீண்ட காலக் குத்தகை வாடகை, வாடகைச் செலவாக வராது. தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடும். ஈபிஐடிடிஏ என்பது அந்த இரண்டையும் கழிக்கும் முன் வரும் எண். அதாவது அந்தத் தொழிலின் மிகப்பெரிய செலவுகளில் ஒன்றான கப்பல் வாடகை அதில் தெரியவே தெரியாது. பணப்பாய்வு அறிக்கைக்குப் போங்க. கடைசிப் பகுதியில் 'குத்தகைப் பொறுப்பு திருப்பிச் செலுத்தியது' என்று ஒரு வரி இருக்கும். செயல்பாடுகளிலிருந்து வந்த பணத்தில் அதையும் அதற்கான வட்டியையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையில் கையில் நிற்பது. கப்பல் குத்தகை உலகச் சந்தையில் டாலரில் பேசப்படுவது. டிக்கெட் விற்பது ரூபாயில். ரூபாய் சரிந்தால் யார் தாங்குவது என்பதை ஆபத்துக் காரணிகள் பகுதியில் தேடுங்க.

இன்னொரு வரி, 'வாடிக்கையாளர் முன்பணம்'. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே நீங்க கட்டும் பணம் அது. நல்ல காலத்தில் வட்டியில்லாக் கடன். கெட்ட காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்பார்கள், அப்போ டிக்கெட் வாங்கியவர் வரிசையில் வங்கிக்கு ரொம்பப் பின்னால் நிற்பார்.

வரிச் 'சலுகை'

2024 பட்ஜெட்டில் வெளிநாட்டு கிரூஸ் நிறுவனங்களுக்காக வருமான வரிச் சட்டத்தில் 44பிபிசி என்ற பிரிவு வந்தது. பயணிகளிடம் வாங்கும் தொகையில் 20 சதவீதத்தை லாபம் என்று எடுத்துக்கொண்டு வரி போடும். வெளிநாட்டுக் கம்பெனி வரி 35 சதவீதம், ஆக 100 ரூபாய் டிக்கெட்டுக்கு 7 ரூபாய், மேல்வரியும் செஸ்ஸும் தனி. பத்திரிகைகள் சலுகை என்று எழுதின. ஆனால் முன்பு பொருந்திய 44பி பிரிவில் 7.5 சதவீதம்தான் லாபமாகக் கொள்ளப்பட்டது. அதே 35 சதவீதத்தில் கணக்கிட்டால் சுமார் 2.6 ரூபாய். வரித்தொகை ஏறியிருக்கு. சலுகை இருப்பது வேற இடத்தில்: ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் உள்ள வெளிநாட்டுக் கம்பெனி இங்கே ஓடும் கப்பலுக்கு வாங்கும் குத்தகை வாடகைக்குச் சில ஆண்டுகளுக்கு வரி விலக்கு. பெரிய பன்னாட்டுக் குழுமங்களை இங்கே அலுவலகம் போடச் சொல்லும் அழைப்பு அது. அவர்கள் நிஜமாகவே வந்தால் துறைமுகங்களுக்கும் டாக்சிக்காரருக்கும் நல்லது, ஒன்றிரண்டு கப்பல் வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனத்துக்குப் போட்டி.

2025 செப்டம்பரில் பெரிய கப்பல்களுக்குக் கட்டமைப்புத் தகுதியும் கிடைத்தது. குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனுக்கு அது வழி. ஆனால் இந்தியர் உடைமையாக, இந்தியக் கொடியில் ஓடும் 10,000 ஜிடி அல்லது அதற்கு மேல் உள்ள கப்பல், இந்தியாவில் கட்டியதென்றால் 1,500 ஜிடி. நாகையில் நிற்கும் 150 பேர் கப்பல் மாதிரியான சின்னவை இந்த வரம்புக்குள் வராது. கடன் எங்கே அதிகம் தேவையோ அங்கே இது எட்டவில்லை என்பது என் கருத்து.

அப்போ துறையின் எதிர்காலம்? பயணிகள் எண்ணிக்கை கூடும், அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. முனையங்கள் கட்டியாச்சு, நடுத்தரக் குடும்பங்கள் கோவா, லட்சத்தீவு என்று இரண்டு மூணு நாள் கப்பல் பயணத்தை ஏற்க ஆரம்பிச்சாச்சு. பணம் முதலில் போய்ச் சேரும் இடங்கள் துறைமுகம், தூர்வாரும் நிறுவனம், கப்பலைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு விடுபவர். ஓட்டுபவருக்குக் கடைசியில்தான் வரும், அதுவும் கப்பல் நிரம்பினால்.

'கிரூஸ் ஸ்டாக்' என்று தேடி வேற எதையோ வாங்கிவிடாதீங்க. ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அந்தமான் கப்பல்களை நிர்வகிப்பது உண்மை, ஆனால் அதன் வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும். கொச்சின் ஷிப்யார்டு கொச்சி வாட்டர் மெட்ரோவுக்குப் படகு கட்டியது. ஆனால் அதன் ஷேர் விலை ஏறி இறங்குவது கடற்படை ஆர்டரையும் பழுதுபார்க்கும் தொழிலையும் வைத்து. மசகான் டாக் நீர்மூழ்கி கட்டுகிறது. இவை நல்லவையா கெட்டவையா என்பது தனி விவாதம். நீங்க வாங்குவது பயணிகள் கப்பல் தொழில் இல்லை என்பது மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்.

ஐபிஓ ஆவணம் படிக்கும் முறையை அடுத்த வீடியோவில் திரையில் காட்டி, பணப்பாய்வு அறிக்கையிலிருந்தே தொடங்கறேன். அதற்குள் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி, குத்தகைப் பொறுப்பு எவ்வளவு என்று தேடிப் பாருங்க. அதுவும் இதே மாதிரி, இருக்கை காலியாகப் போனால் திரும்ப விற்க முடியாத தொழில்தான்.